அப்பாவும் சரசரக்கும் ஜட்டியும்

புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்குச் சிறுநீர் அடக்க முடியாமல் போனது. வாய் திறந்து சொல்லமாட்டார். விடியற்காலையில் ஈரப் போர்வையை அவரே சுருட்டி வைத்திருப்பார். கோத்தகிரிக் குளிரில் அது பெரிய வேதனை.

துணிப் பேடுக்கு மேலே போட மெடிக்கலில் வாங்கிய பிவிசி பிளாஸ்டிக் ஜட்டி 2 மாதத்தில் விரிசல் விட்டது. தப்பு பாதி என்னுடையது. கொதிக்கிற தண்ணீரில் பிளீச் போட்டு அலசி, விறகடுப்புப் பக்கத்தில் காயவைத்தேன். சூட்டில் பிவிசியின் நெகிழ்வு போய் விறைத்துவிடும். குளிரில் இன்னும் மோசம்.

அடுத்து, உட்பக்கம் ஈரம் கசியாத பாலியூரிதேன் பூசிய துணி ஜட்டி. இடுப்பை மட்டுமல்ல, தொடையையும் டேப்பால் அளந்து வாங்கினேன். கசிவது பெரும்பாலும் தொடை ஓரத்தில்தான். அங்கே எலாஸ்டிக் அகலமாக, ஆனால் தடம் பதியாமல் இருக்கவேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், சாதாரண சோப்புத்தூள், நிழலில் உலர்த்தல், அவ்வளவே. பிளீச், இஸ்திரி கிடையாது. ஐப்பசி மழையில் எதுவும் காயாது என்பதால் 4 வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தோலைக் கழுவி, ஒற்றி, வாசலின் தடவுகிறேன்.

“இது சரசரங்கலடா,” என்றார் அப்பா. பழையதில் அந்தச் சத்தத்துக்குக் கூச்சப்பட்டே அவர் டீக்கடைக்குப் போகாமல் இருந்திருக்கிறார்.