கூடாரப்பண்டிகையின் ஆறு சங்கீதங்கள்: சும்மா வாசித்து முடிக்காமல் ஜெபிக்க ஒரு வழி

கேரள எல்லையில் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் அறுப்பின் பண்டிகை என்றால் கோயிலில், அதாவது நம் சர்ச்சில், என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஏத்தன் குலை, மரச்சீனி, சேனை, காலைக் கட்டிப்போட்ட நாட்டுக்கோழி, ஆராதனை முடிந்ததும் ஏலம். யூதர்களுக்கும் விளைச்சலைக் களஞ்சியத்தில் சேர்த்து முடித்த கையோடு ஒரு பண்டிகை வரும். நம் வேதாகமம் அதைக் கூடாரப்பண்டிகை என்றும் சேர்ப்புக்காலப் பண்டிகை என்றும் சொல்கிறது. அந்த ஏழு நாளும், அதை ஒட்டி வரும் எட்டாம் நாளும், காலை ஜெபத்தில் எழுந்து நின்று சங்கீதம் 113 முதல் 118 வரை ஒன்றையும் விடாமல் சொல்வார்கள். அந்தத் தொகுப்புக்கு ஹல்லேல் என்று பெயர். 2026இல் பண்டிகை செப்டம்பர் 25 சாயங்காலம் தொடங்குகிறது.

அந்த நாட்களில் நாமும் வீட்டில் இருந்தபடி இந்த ஆறு சங்கீதங்களை எப்படி ஜெபிக்கலாம் என்பதுதான் விஷயம். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இப்போதெல்லாம் சிலர் ஓலைக் கொத்தும் கையுமாக யூதர்களின் சடங்கை அப்படியே மேடையில் செய்து காட்டுகிறார்கள், எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. அது அவர்களுக்கு இட்ட கட்டளை, அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தது. சங்கீதங்கள் நம் கையிலும் இருக்கின்றன, அது போதும்.

காலையில் வாசியுங்கள், ஹல்லேல் பகலில் சொல்ல வேண்டியது. 113இன் மூன்றாம் வசனமே "சூரியன் உதிக்குந்திசை தொடங்கி, அது அஸ்தமிக்கும் திசைமட்டும்" என்று ஆரம்பிக்கிறது. நின்றுகொண்டு, சத்தமாக. மொத்தம் 85 வசனங்கள், அவசரப்படாமல் வாசித்தாலும் ரப்பர் வெட்டிவிட்டு வந்து கட்டன் சாயா குடிக்கும் இடைவெளியில் முடிந்துவிடும். முடிந்தால் இரண்டு பேராக வாசியுங்கள். ஒருவர் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்லும் வழக்கம் இதில் பழங்காலத்திலிருந்தே உண்டு, 118இன் முதல் நாலு வசனங்களைப் பார்த்தாலே தெரியும், "அவர் கிருபை என்றுமுள்ளது" என்பது கூட்டம் சொல்ல வேண்டிய பதில். கோயிலில் சங்கீதம் மாறி மாறி வாசித்துப் பழகிய நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 118இல் 21ஆம் வசனத்திலிருந்து கடைசி வரை ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு தடவை சொல்வது அவர்கள் வழக்கம். இதை மட்டும் கண்டிப்பாகச் செய்து பாருங்கள். முதல் தடவை வாய் சொல்லிவிட்டுப் போகும், இரண்டாவது தடவைதான் காதில் விழும்.

சரி, துதி என்றதும் நாம் எதிர்பார்ப்பது சந்தோஷம். மனசு சந்தோஷமாக இல்லாத நாளில் என்ன செய்வது? இங்கேதான் நிறையப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள், சத்தத்தைக் கூட்டினால் உணர்ச்சி வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். சங்கீதங்களை நிதானமாகப் பாருங்கள், ஆறில் பல இடங்களில் பயமும் நெருக்கமும்தான் தெரிகின்றன. 113 எளியவனைக் குப்பையிலிருந்து தூக்குகிறது, அப்படியென்றால் ஒருவன் குப்பையில் கிடக்கிறான். 115 "மரித்தவர்கள் துதியார்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. 116இல் மரணக்கட்டுகள் சுற்றிக்கொள்கின்றன, "எந்த மனுஷனும் பொய்யன்" என்று ஒருவன் மனக்கலக்கத்தில் கத்துகிறான். கடன் கொடுத்து ஏமாந்தவர்களுக்கு அந்த வசனத்துக்கு விளக்கவுரை தேவையில்லை. அந்த ஆளேதான் அடுத்த மூச்சில், கர்த்தர் எனக்குச் செய்த உபகாரங்களுக்கு என்னத்தைச் செலுத்துவேன் என்று கேட்கிறான். அந்த இடத்தில் நிறுத்துங்கள். ஏலத்தில் ஒரு தேங்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வருகிற நமக்கு அது கொஞ்சம் உறுத்த வேண்டிய கேள்வி. அவன் முதலில் சொல்லும் பதிலில் பணமும் இல்லை, பொருளும் இல்லை. இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்து, அவர் நாமத்தைச் சொல்லித் தொழுவேன் என்கிறான், பொருத்தனையும் ஸ்தோத்திரபலியும் அதற்குப் பிறகுதான்.

அடுத்தது 118இன் 25ஆம் வசனம், குருத்தோலை ஞாயிறன்று நாம் பாடும் ஓசன்னா வந்த இடம். "கர்த்தாவே, இரட்சியும், கர்த்தாவே, காரியத்தை வாய்க்கப்பண்ணும்." ஹல்லேல் சொல்லும்போது யூதர்கள் கையில் நான்கு வகைகள் இருக்கும்: விரியாத பேரீச்சங்குருத்து ஒன்று, மிர்ட்டல் செடியின் கிளை மூன்று, ஆற்றலரிக் கிளை இரண்டு, நம் நார்த்தங்காய் சாயலில் எத்ரோக் என்ற மணமுள்ள பழம் ஒன்று. குறிப்பிட்ட சில சொற்கள் வரும்போது அதை நாலு திசைக்கும் மேலும் கீழும் அசைப்பார்கள். எந்தச் சொற்களுக்கு என்பதில் பழைய ரபிமார்களுக்குள் விவாதமே நடந்திருக்கிறது. ஹில்லேல் என்ற ரபியின் பள்ளியினர், "துதியுங்கள்" என்று வரும் இடத்திலும் "இரட்சியும்" என்று வரும் இடத்திலும் அசைக்கச் சொன்னார்கள். ஷம்மாய் என்ற ரபியின் பள்ளியினர் "வாய்க்கப்பண்ணும்" என்பதற்கும் சேர்த்து அசைக்கச் சொன்னார்கள். ரபி அகிபா ஒரு சாட்சி சொல்கிறார்: ஜனங்கள் எல்லாரும் ஓலையை அசைத்துக்கொண்டிருந்தபோது, ரபான் கமாலியேலும் ரபி யோசுவாவும் "இரட்சியும்" என்ற இடத்தில் மட்டும் அசைத்ததைத் தாம் கவனித்ததாக. நிலைத்தது ஹில்லேல் பள்ளியின் வழக்கம். காரியம் வாய்க்கச் சொல்லிக் கேட்கும்போது கை சும்மா இருக்கும், காப்பாற்று என்னும்போது அசையும்.

நம் ஜெபக் குறிப்புகளை எடுத்து இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மகனுக்கு விசா, பிள்ளைக்கு சீட், ரப்பருக்கு விலை, எல்லாமே "வாய்க்கப்பண்ணும்" பக்கம்தான். கேட்கக் கூடாது என்று சங்கீதமே சொல்லவில்லை, ஒரே வசனத்தில் இரண்டும் இருக்கிறது. ஆனால் அந்த முதல் பாதியை இரண்டு தடவை சொல்லும்போது எதிலிருந்து என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று மனதுக்குள் ஒரு பெயர் சொல்லுங்கள். குடியா, கோபமா, சகோதரனோடு நடக்கும் அதிர்த்தி (நில எல்லை) வழக்கா, அது உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, இதையெல்லாம் சொல்லும் அந்த வாரத்தில் அவர்கள் கெட்டியான வீட்டை விட்டுக் குடிசையில் சாப்பிடுகிறார்கள். கூரை வெட்டின செடிகொடியால்தான் இருக்க வேண்டும், தார்ப்பாய் ஆகாது, மரத்தடியில் கட்டினாலும் செல்லாது (நம் பறம்பில் மரமில்லாத ஒரு இடம் கண்டுபிடிப்பது பெரிய பாடு). களஞ்சியம் நிறைந்த நேரத்தில் காற்று புகும் கூரைக்குக் கீழே உட்கார வைப்பதுதான் கட்டளை. நீங்கள் கூடாரம் கட்ட வேண்டாம், ஆனால் ஒரு நாளாவது மச்சுவீட்டு ஹாலை விட்டு, அடுக்களைக்குப் பின்னால் விறகுக்குக் கிடுகு போட்ட சாய்ப்பில் நின்று 118ஐ வாசியுங்கள். பழைய கிடுகு என்றால் தூசி புத்தகத்தில் கொட்டும், எறும்பு கழுத்தில் ஏறும். "நெருக்கத்திலிருந்து கூப்பிட்டேன், விசாலத்திலே வைத்தார்" என்ற ஐந்தாம் வசனம் அங்கே வேறு மாதிரிப் படும்.

மழை வந்தால்? துலாமழை (ஐப்பசி மழை) சில வருஷம் முந்திக்கொண்டு வந்துவிடும். கவலையே வேண்டாம், உள்ளே போய்விடுங்கள். கஞ்சி கெட்டுப்போகும் அளவுக்கு மழை பெய்தால் கூடாரத்தை விட்டுப் போகலாம் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவே அனுமதி தருகிறது. இஸ்ரேலில் மழைக்காலம் இந்தப் பண்டிகை முடிந்த பிறகுதான் தொடங்க வேண்டும், அதனால் மழைக்கான விசேஷ ஜெபத்தை எட்டாம் நாளுக்கு வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், கூட யாரை நிறுத்துவது என்பது. உபாகமம் 16 இந்தப் பண்டிகையில் சந்தோஷப்பட வேண்டியவர்களின் பெயரைச் சொல்லும்போது வேலைக்காரர், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை என்று போகிறது. நம் பக்கத்தில் செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் நிற்கும் வடநாட்டுப் பையன்களுக்கு 117 போதும், மொத்தமே இரண்டு வசனம், "ஜாதிகளே, எல்லாரும்" என்று கூப்பிடுகிற சங்கீதம். அவர்களுக்குத் தமிழ் வராவிட்டால் நீங்கள் சொல்லுங்கள், அவர்கள் அல்லேலூயா சொல்லட்டும். வாசிக்கத் தெரியாதவர்கள் பதில் சொல்லி ஹல்லேல் முடிப்பது அந்தக் காலத்திலேயே நடந்ததுதான். பிறகு மரச்சீனியும் மீன்கறியும் எல்லாருக்கும் போதுமான அளவு இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.