போர்ட்ரெய்ட் டச்சப்: முகத்தையே மாற்றிவிடும் தவறுகள்

கல்யாண ஆல்பம் எடிட் செய்பவர்களுக்குப் பழகிப்போன வேண்டுகோள், "கொஞ்சம் டச்சப் பண்ணிக் குடுங்க". இதைச் சொல்பவர் மனதில் இருப்பது பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான். முந்தைய இரவு தூங்காததால் வந்த கருவளையம், சரியாக முகூர்த்த நாளன்று மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்த பரு, வீடியோ லைட் வெக்கையில் நெற்றியில் மின்னும் வியர்வை. இவை போனால் போதும் என்று கேட்டவரின் வீட்டுக்கு, கன்னம் ஒட்டி, மூக்கு மெலிந்து, கண் பெருத்து, யாரோ ஒருவரின் முகம் ஆல்பமாகப் போய்ச் சேர்கிறது. மென்பொருள் மேல் பழி போட்டுப் பயனில்லை. எதைத் தொடுவது, எதை விடுவது என்று முடிவு செய்யாமலே, அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரில் கை வைத்துவிடுகிறோம்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. இரண்டு வாரம் கழித்து அந்த முகத்தில் இருக்காது என்றால் எடுக்கலாம். இருக்கும் என்றால், கேட்காமல் எடுக்கக் கூடாது. பரு, கொசுக்கடி, ஷேவிங் கீறல், உதட்டு வெடிப்பு எல்லாம் முதல் வகை. மச்சம், தழும்பு, அம்மை வடு, தெத்துப்பல், கன்னக்குழி, ஒரு பக்கமாகச் சாயும் சிரிப்பு எல்லாம் இரண்டாவது. பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று எழுதிக் கொடுப்பதே மச்சத்தையும் தழும்பையும்தான். அதை எடுத்துவிடுங்கள் என்று அவரே சொன்னால் தாராளமாக எடுக்கலாம். நாமாக முடிவு செய்து அழிப்பதுதான் தவறு.

லிக்விஃபை: கை நிற்க வேண்டிய இடம்

லிக்விஃபை என்பது படத்தின் பாகங்களைத் தள்ளி, இழுத்து வடிவத்தை மாற்றும் போட்டோஷாப் கருவி. அதில் முகத்தின் பாகங்களைத் தானாக அடையாளம் காணும் வசதி 2016-இல் வந்தது. கண், மூக்கு, வாய், தாடை, நெற்றி என ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்லைடர். முன்பு பிரஷ்ஷை வைத்து நிதானமாக நகர்த்த வேண்டியிருந்த வேலை ஒரு இழுப்பில் முடிகிறது. அந்தச் சுலபமே ஆபத்து. ஒருவரை அடையாளம் காண நமக்கு உதவுவது தனித்தனி மூக்கும் கண்ணும் மட்டும் இல்லை, அவற்றுக்கு இடையே உள்ள தூரமும் விகிதமும்தான். கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்கி, மூக்கைக் கொஞ்சம் குறுக்கி, தாடையைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் தனித்தனியாக எதுவும் பெரிய மாற்றமாகத் தெரியாது. மூன்றும் சேர்ந்தால் அவருடைய தங்கச்சி மாதிரி இருக்கும், அவராக இருக்காது.

நம் ஊர் மணப்பெண் படத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. முகத்தின் அகலத்தைக் குறைத்ததும் சுற்றியுள்ள எல்லாமே சேர்ந்து நகரும். வட்டப் பொட்டு முட்டை வடிவத்துக்குப் போகும். நெற்றிச்சுட்டியின் சங்கிலி நேராக இறங்காமல் நெளியும். ஒரு காது ஜிமிக்கி சரியாக இருக்க, இன்னொன்று ஒடுங்கியிருக்கும். பின்னால் மணவறைத் தூண் இருந்தால் கன்னத்துக்குப் பக்கத்தில் மட்டும் வளைந்து நிற்கும். ஆல்பத்தைப் பார்ப்பவருக்கு இதையெல்லாம் பெயர் சொல்லிக் குறை சொல்லத் தெரியாமல் இருக்கலாம். ஏதோ சரியில்லை என்பது மட்டும் கட்டாயம் தெரியும்.

லிக்விஃபை தேவைப்படும் இடங்களும் இருக்கின்றன. ஃபிளாஷுக்கு ஒரு கண் மட்டும் பாதி சொருகியிருந்தால், இரு கண்களையும் இணைக்கும் சங்கிலிக் குறியை எடுத்துவிட்டு அந்தக் கண்ணை மட்டும் லேசாகத் தூக்கலாம். குனிந்ததால் தாடைக்குக் கீழே விழுந்த மடிப்பைச் சற்றுக் குறைக்கலாம். இப்படிச் செய்யும்போது லேயரை (பட அடுக்கை) முதலில், திருத்தத்தைப் பிறகும் மாற்றவிடும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். நாளைக்கே "அவ முகம் மாதிரி இல்லையே" என்று வந்தால், அதே ஸ்லைடர்களைத் திறந்து குறைத்துக்கொள்ளலாம். நகைகளும் பொட்டும் நகராமல் இருக்க அவற்றுக்கு ஃபிரீஸ் மாஸ்க் போட்டுவிடுங்கள். பிரஷ்ஷால் தள்ளுவதாக இருந்தால் பெரிய பிரஷ், குறைந்த அழுத்தம். சின்ன பிரஷ்ஷால் திரும்பத் திரும்பத் தள்ளினால் தாடைக் கோடு அலை அலையாகிவிடும். ஸ்லைடர் எண் 10-ஐத் தாண்டினால் ஒருமுறை நிறுத்தி யோசிப்பது என் பழக்கம்.

மூக்கைத் தொடும் முன் படம் எவ்வளவு தூரத்தில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். 2018-இல் ஜாமா ஃபேஷியல் பிளாஸ்டிக் சர்ஜரி இதழில் ஒரு கணக்கீடு வெளிவந்தது. 5 அடி தூரத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், 12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடித் தெரிகிறது. ஆக, பெரிதாகத் தெரிவது அவருடைய மூக்கே இல்லை, கேமராவின் நெருக்கம். மூக்கை மட்டும் குறுக்கினால் காதும் கன்னமும் பழைய நெருக்கத்திலேயே இருக்கும், பொருந்தாது. முடிந்தால் இரண்டடி பின்னால் போய், 85 மில்லிமீட்டர் அளவில் ஒரு லென்ஸில் மறுபடி எடுப்பதே சரியான திருத்தம். குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்பவர்கள் அகன்று தெரிவதும் இதே போல வைட் லென்ஸின் வேலை. அதைச் சரிசெய்து பழைய உடல்வாகுக்குக் கொண்டுவருவது அவர்களுக்குச் செய்யும் நியாயம்.

பாஸ்போர்ட், விசா படங்களில் இதில் எதையுமே செய்யக் கூடாது. பின்னணி, வெளிச்சம், அளவு சரியாக இருக்கும்படி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் அந்தப் படத்தோடுதான் அவர் முகத்தை ஒப்பிடுவார்கள்.

தோல்

தோலை வழுவழுப்பாக்குவதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். முகம் முழுவதையும் பிளர் போட்டு மங்கலாக்கி, கண்ணையும் உதட்டையும் மட்டும் மாஸ்க்கில் (மறைப்பில்) திறந்துவிடுவது ஒரு காலத்தில் ஸ்டுடியோக்களின் வழக்கமாக இருந்தது. தோலின் நுண்துளைகள் போனால் முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும். அதற்கு மாற்றாக வந்த ஃபிரீக்வன்சி செப்பரேஷன் நல்ல முறைதான். தோலின் நுண்ணமைப்பை ஒரு லேயரிலும், நிறத்தையும் நிழலையும் இன்னொன்றிலும் பிரித்துத் தருகிறது. ஆனால் நிற லேயரைக் கண்மூடித்தனமாக பிளர் செய்தால், கன்ன எலும்பின் நிழலும் மூக்கோர நிழலும் சேர்ந்து கரைந்துவிடும். துளைகள் இருக்கும், முகத்தின் மேடு பள்ளம் இருக்காது. இது பிளர் போட்டதைவிட விசித்திரமாகத் தெரியும்.

அவசரமில்லாத வழி இது: காலியான புது லேயர் ஒன்றைத் திறந்து, எல்லா லேயர்களிலிருந்தும் சாம்பிள் எடுக்கும்படி வைத்து, எடுத்த சாம்பிளைச் சுற்றுத் தோலோடு கலந்து ஒட்டும் ஹீலிங் பிரஷ்ஷால் பருக்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுப்பது. நெற்றிப் பருவுக்கு நெற்றியிலிருந்தே சாம்பிள் எடுங்கள். கன்னத்துத் துளைகள் வேறு அளவு, தாடி மழித்த இடம் வேறு நிறம். பொட்டு, திருநீறு, வகிட்டுக் குங்குமம், முடியோரம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் ஹீலிங் பிரஷ் போனால் நிறத்தை உறிஞ்சிக்கொண்டு கறை விடும். அங்கே, கலக்காமல் அப்படியே நகலெடுத்து ஒட்டும் குளோன் ஸ்டாம்ப்தான் சரி. அப்புறம் திட்டுத் திட்டாக இருக்கும் இடங்களைக் கொஞ்சம் வெளிச்சமாக்கியும் இருட்டாக்கியும் சரிசெய்யும் டாட்ஜ், பர்ன் முறையில் மெதுவாகச் சமன் செய்யலாம். லைட்ரூம் மென்பொருளை மட்டும் பயன்படுத்துபவர்கள் கிளாரிட்டி ஸ்லைடரை மைனஸில் கொண்டுபோவதைவிட, நுண்ணமைப்பை மாற்றும் டெக்ஸ்சர் ஸ்லைடரைக் கொஞ்சமாகக் குறைப்பது நல்லது.

கண்ணுக்குக் கீழே உள்ள கருமையை முழுதாக அழிக்க வேண்டாம். அங்கே ஒரு மெல்லிய மடிப்பு சின்னக் குழந்தைக்கும் இருக்கிறது. திருத்திய லேயரின் ஒப்பாசிட்டியை (அடர்த்தியை) 40, 50 சதவீதத்துக்கு இறக்கினால் களைப்பு போய்விடும், மடிப்பு நிற்கும். சிரிக்கும்போது மூக்கிலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் கோடும் அப்படித்தான். வாய் சிரிக்கிறது, கன்னம் அசையவே இல்லை என்றால் அது பொய்ச் சிரிப்பாகத் தெரியும். மணப்பெண்ணுக்குப் போட்ட அதே பிரீசெட்டைப் (முன்பே அமைத்த திருத்தத் தொகுப்பை) பக்கத்தில் நிற்கும் பாட்டிக்கும் போடுவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. எழுபது வயதுச் சுருக்கங்களை அழித்துவிட்டு அந்த வீட்டுக்கு என்ன படம் கொடுக்கிறோம்?

கண், பல் விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால், வெள்ளை எங்கேயும் முழு வெள்ளை கிடையாது. விழி வெண்படலத்தின் மேல் இமையின் நிழல் விழும், அதை விட்டுவிடுங்கள். நம்மவர்களின் கருவிழி பெரும்பாலும் அடர் பழுப்பு. அதை அளவுக்கு மீறி பிரகாசமாக்கினால் பூனைக்கண் ஆகிவிடும். பல்லில் மஞ்சளின் செறிவைக் குறைத்தாலே போதும், பிரகாசத்தை அதிகம் ஏற்றத் தேவையில்லை.

நிறத்தை வெளுக்க வைப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். "பொண்ணு கொஞ்சம் கலரா தெரியணும்" என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் தாமாகவே வெளுக்க வைக்கும் எடிட்டர்கள் ஏராளம். தோலின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சுக்குள் வருவதால், அந்த நிறத்தின் லூமினன்ஸை (பிரகாசத்தை) ஏற்றிவிடுகிறார்கள். முகம் வெளுக்கும். கூடவே தங்க நகையும் பட்டுச் சேலையின் சரிகையும் வெளுக்கும். உதடு உயிரற்றுப் போகும். முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டுச் செய்தாலோ, கழுத்து ஒரு நிறம், மருதாணிக் கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்று மூன்று பேரைச் சேர்த்து ஒட்டிய மாதிரி ஆகிவிடும்.

அழகியல் கணக்கிலும் இது நஷ்டம். கறுத்த தோலுக்கு அழகைத் தருவது அதன் மேல் விழும் ஒளியின் மினுமினுப்பு. கன்ன மேட்டிலும் மூக்குத் தண்டிலும் நெற்றியிலும் அந்த ஒளிதான் முகத்துக்கு வடிவம் கொடுக்கிறது. நிழலை எல்லாம் தூக்கிவிட்டால் கறுப்பு சிவப்பாகாது, சாம்பல் பூத்துப்போகும். முகம் உண்மையிலேயே இருட்டாக விழுந்திருந்தால் எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) சரிசெய்யுங்கள், அது நியாயமான திருத்தம். அதற்கு மேல் கேட்கும் பெரியவர்களிடம், சரியான வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த ஒரு படத்தையும் வெளுத்த ஒரு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பல பேர் முதல் படத்தையே எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடமும் நேராகக் கேளுங்கள். முகம் அவருடையது.

நலுங்குப் படங்களில் வேறொரு தொல்லை. முகமெல்லாம் மஞ்சள் பூசியிருப்பதை நிறப் பிழை என்று, நிறங்களைத் தானாகச் சமன் செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் நீலம் பக்கம் தள்ளிவிடும். படத்தில் எங்காவது வெள்ளை வேட்டி தெரிந்தால் அதை வைத்து பேலன்ஸ் செய்யுங்கள், மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். மானிட்டரின் பிரகாசத்தையும் கவனியுங்கள். திரை அதிகப் பிரகாசமாக இருந்தால் பிரின்ட் இருட்டாக வரும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஆல்பத்தில் முகங்களை இன்னும் ஏற்றுவோம், தவறு வளர்ந்துகொண்டே போகும்.

இன்னொன்று ஸூம். 300 சதவீதத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு துளையையும் திருத்தினால் எல்லாமே குறையாகத்தான் தெரியும். 12-க்கு 36 அங்குல ஆல்பத் தாளில் அந்த முகம் எவ்வளவு பெரிதாக வரும் என்று பார்த்து, அந்த அளவில் வைத்துத் தீர்மானியுங்கள். நடுநடுவே எழுந்து போய்விட்டு வந்து, திருத்தும் முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

மறைந்தவர்களின் படம்

மிகக் கவனம் தேவைப்படும் வேலை இதுதான். வீட்டில் மாலை போட்டு வைக்க அப்பாவின் படம் வேண்டும், கைவசம் இருப்பதோ பழைய குரூப் போட்டோவில் கட்டைவிரல் நக அளவு முகம், அல்லது வாக்காளர் அட்டையில் மங்கிப்போன படம். இப்போது ஏஐ கருவியில் போட்டால் சில நொடிகளில் பளிச்சென்று ஒரு முகம் வந்துவிடுகிறது. 2021-இல் வந்த ஜிஎஃப்பி-கேன், 2022-இல் வந்த கோட்ஃபார்மர் போன்றவை இதற்கென்றே உருவாக்கப்பட்டவை. மங்கலான இடத்தில் என்ன இருந்தது என்று அவற்றுக்குத் தெரியாது. பயிற்சியில் பார்த்த ஆயிரக்கணக்கான முகங்களிலிருந்து பொருத்தமான இமையையும் பல்லையும் வரைந்து வைக்கின்றன. மூலப்படத்தில் தகவல் குறையக் குறைய, வரைந்தது கூடும். முடிவில் தெளிவான, அழகான, அந்நியரான ஒருவர் வந்து நிற்பார். அப்பாவின் வலது இமை சற்றே தாழ்ந்திருக்கும் என்பது அவர் பிள்ளைகளுக்குத் தெரியும். கருவிக்குத் தெரியாது, இரண்டு கண்ணையும் ஒரே மாதிரி திறந்து வைத்துவிடும்.

வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய படத்தை வைத்துத் தொடங்காதீர்கள். அசல் பிரின்ட்டைக் கேட்டு வாங்கி 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்தாலே பாதித் தெளிவு வந்துவிடும். அதே காலத்தில் எடுத்த வேறு படங்கள் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் கேளுங்கள், ஒப்பிட உதவும். கோட்ஃபார்மரில் மூலத்துக்கு எவ்வளவு விசுவாசமாக இருக்க வேண்டும் என்பதற்கு 0 முதல் 1 வரை ஓர் அளவு உண்டு, அதை 1 பக்கம் வையுங்கள். வந்த முகத்தைத் தனி லேயராக வைத்து, கண்ணிலும் வாயிலும் மாஸ்க் போட்டு மூலப்படத்தையே வெளியே தெரியவிடுங்கள். தோல், முடி, சட்டைக் காலர் ஆகியவற்றுக்கு மட்டும் ஏஐ உதவினால் போதும். கீறல், பூஞ்சைக் கறை, மடிப்புத் தழும்பு ஆகியவற்றைக் கையால் எடுங்கள். நேரம் பிடிக்கும்தான். கொடுக்கும்போது ஏஐ தெளிவாக்கிய படத்தையும் கையால் சரிசெய்த படத்தையும் அசலோடு சேர்த்துக் காட்டி, எது அப்பா என்று பிள்ளைகளிடமே கேட்டுவிட்டு அதை பிரின்ட்டுக்கு அனுப்புங்கள்.