மார்ஃபா கோர்ட் ஹவுஸின் உச்சி மாடம் வரை ஏறிப் பார்க்க: முதல்முறை போகிறவர்களுக்கு

டெக்சாஸின் மேற்குக் கோடியில் மார்ஃபா என்று ஒரு சின்ன ஊர். 2,000 பேர்கூட இல்லை. 1880களின் தொடக்கத்தில் இந்தப் பக்கம் ரயில் பாதை போட்டபோது, நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் பிடிக்க ஒரு நிறுத்தம் வேண்டியிருந்தது. அதிலிருந்து வளர்ந்த ஊர் இது. ஊர் நடுவில் 1886-ல் கட்டிய பிரெசிடியோ கவுண்டி (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) கோர்ட் ஹவுஸ் நிற்கிறது. மூன்று மாடி, இளஞ்சிவப்புப் பூச்சு, உச்சியில் குவிமாடம், அதற்கும் மேலே நீதி தேவதை சிலை. உள்ளே போய், படியேறி, மாடத்து ஜன்னல் வரை சென்று ஊரையே பார்க்கலாம். டிக்கெட் கிடையாது.

நான் இரண்டு முறை போனேன். முதல்முறை கதவைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. கிழமையை முதலில் முடிவு செய்யுங்கள்

இது மியூசியம் இல்லை, இன்றும் வேலை நடக்கும் அரசுக் கட்டடம். நம்மூர்க் கணக்கில் கலெக்டர் ஆபீஸ், கோர்ட், பத்திரப் பதிவு மூன்றும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். (டெக்சாஸில் 'கவுண்டி ஜட்ஜ்' என்பவரின் முக்கிய வேலையே கவுண்டியின் நிர்வாகம். நான்கு கமிஷனர்களோடு அவர் நடத்தும் கூட்டத்துக்கும் 'கோர்ட்' என்றுதான் பெயர்.) ஆகவே சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் போனால் வெளியே நின்று படம் எடுக்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் ஊரிலுள்ள பல உணவகங்களும் கலைக்கூடங்களும் வாரத்தின் முதல் நாட்களில் மூடியிருக்கும். இரண்டும் திறந்திருக்க வேண்டுமானால் வியாழன் அல்லது வெள்ளிதான் சரி. நான் வியாழனைச் சொல்வேன். ஏதாவது தவறினாலும் வெள்ளி கையில் இருக்கும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் கவுண்டி அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். "நாளை திறந்திருக்குமா, மாடத்துக்குப் போக முடியுமா" என்று இரண்டையும் கேளுங்கள். கட்டடம் திறந்திருந்தாலும் மேலே போகும் வழி ஏதோ காரணத்துக்காக அடைத்திருக்கலாம்.

2. கடிகாரம்: இங்கேதான் நான் தவறினேன்

எல் பாஸோ விமான நிலையத்தில் இறங்கி, கார் எடுத்து ஓட்டுவதுதான் பலருக்கும் வசதி. ஐ-10 நெடுஞ்சாலையில் கிழக்கே வான் ஹார்ன் வரை சுமார் 120 மைல். அங்கிருந்து யூ.எஸ். 90-ல் 74 மைல். நிற்காமல் ஓட்டினால் மூன்று மணி நேரம்.

எல் பாஸோ மவுண்டன் நேரத்தில் ஓடுகிறது, மார்ஃபா சென்ட்ரல் நேரத்தில். சியரா பிளாங்காவுக்கும் வான் ஹார்னுக்கும் நடுவில், கவுண்டி எல்லையைத் தாண்டும் இடத்தில், ஒரு மணி நேரம் முன்னே போய்விடும். சாலையோரம் ஒரு பலகை இருக்கிறது. நான் அதைக் கவனிக்கவில்லை. என் கணக்கு முழுக்க வாடகைக் காரின் கடிகாரத்தை வைத்து. வெள்ளிக்கிழமை, வண்டி நின்றபோது அதில் 4:10. நிதானமாகப் புல்வெளியைச் சுற்றிப் படமெல்லாம் எடுத்துவிட்டுக் கதவருகே போனேன். கைப்பிடி திரும்பவில்லை. மார்ஃபாவில் மணி ஐந்தைத் தாண்டி அரை மணி ஆகியிருந்தது. மறுநாள் சனி.

போன் தானாக மாறிக்கொள்ளும் என்பீர்கள். மாறும், சிக்னல் கிடைத்தால். இந்தச் சாலையில் பல மைல்களுக்குச் சிக்னல் கிடைக்காது. நான் இப்போது செய்வது இதுதான்: எல் பாஸோவிலேயே கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் திருப்பி வைத்துவிட்டு, அதை மட்டும் பார்த்து ஓட்டுகிறேன். காலை 10 மணிக்குக் கோர்ட் ஹவுஸில் இருக்க வேண்டுமா, எல் பாஸோ நேரப்படி 6 மணிக்கே வண்டியை எடுங்கள். மதிய உணவு இடைவேளையில் போய் மாட்டிக்கொள்ளாமல் இருக்கவும் இது உதவும்.

3. பெட்ரோல், மேப், சாப்பாடு

வான் ஹார்னில் டேங்கை நிரப்புங்கள், கால்வாசிதான் குறைந்திருந்தாலும். மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். எனக்குக் கூகுள் மேப்ஸே போதுமானதாக இருந்தது, தனிச் செயலி எதுவும் வேண்டாம். அசைவம் சாப்பிடாதவர்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போவது நல்லது. வழியில் வாலன்டைன் என்ற குக்கிராமத்துக்கு அருகே, வெட்டவெளியில் 'பிராடா மார்ஃபா' என்ற கடை நிற்கும். 2005-ல் ஒரு கலைப்படைப்பாகக் கட்டியது, உள்ளே எதுவும் விற்பதில்லை. பத்து நிமிடம் போதும்.

4. உள்ளே போனதும்

நேரே மாடிக்கு ஓடாதீர்கள். வட்டக்கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை தலையைத் தூக்கிப் பாருங்கள். பிறகு ஏதாவது ஓர் அலுவலக வாசலில் வணக்கம் சொல்லி, "மேலே போகலாமா" என்று கேளுங்கள். நான் கேட்டபோது அந்த அம்மா புன்னகையோடு படிக்கட்டைக் காட்டினார். வழக்கு நடக்கிற நாளாக இருந்தால் போனை அமைதியில் போட்டு, நீதிமன்ற அறைப் பக்கம் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை.

மேலே போகப் போகப் படி ஒடுங்கும். கடைசிப் பகுதியில் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஊரே சுமார் 4,700 அடி உயரத்தில் இருப்பதால் மூச்சு கொஞ்சம் வாங்கும். முக்காலி, பெரிய லென்ஸ் எல்லாம் சுமை, போன் கேமராவே போதும்.

மாடத்தில் எல்லா ஜன்னலையும் பாருங்கள். ஆனால் தெற்கு ஜன்னலில் கூடுதலாக நில்லுங்கள். ஹைலேண்ட் தெரு கோர்ட் வாசலிலிருந்து கோடு போட்டதுபோல நேரே தண்டவாளத்துக்குப் போகிறது. நான் நின்றிருந்தபோது சரக்கு ரயில் ஒன்று வந்தது. முதலில் ஹார்ன், அப்புறம் தெருவின் முனையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கன்டெய்னர்கள், இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம், முடிவே இல்லாமல்.

இந்தக் கட்டடம் ஏன் இங்கே இருக்கிறது என்பது அந்த ஜன்னலில்தான் எனக்குப் புரிந்தது. கவுண்டியின் தலைநகர் முதலில் வடக்கே 21 மைல் தள்ளி ஃபோர்ட் டேவிஸில் இருந்தது. ரயில் அந்த ஊர் வழியாகப் போகவில்லை, மார்ஃபா வழியாகப் போனது. 1885-ல் தலைநகரை இங்கே மாற்றினார்கள். மறுவருடமே இந்தக் கோர்ட் ஹவுஸ் எழுந்துவிட்டது. 1887-ல் ஃபோர்ட் டேவிஸ் தனிக் கவுண்டிக்குத் தலைநகரானது.

5. வெளியே வந்து சிலையைப் பாருங்கள்

நீதி தேவதையின் கையில் தராசு இல்லை. தண்டனை பெற்ற ஒரு மாட்டிடையன், இந்தக் கவுண்டியில் நீதியே இல்லை என்று கத்தி அதைச் சுட்டு வீழ்த்தினான் என்று ஊரில் கதை சொல்வார்கள். கீழிருந்து வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஒரு சின்ன பைனாகுலர் கொண்டுபோங்கள், நான் வற்புறுத்திச் சொல்லும் ஒரே கருவி இது.

பிறகு சேர்த்தது: இதைப் படித்துவிட்டுப் போன ஒரு நண்பர், சியரா பிளாங்கா அருகே எல்லைக் காவல் சோதனைச் சாவடியில் விசா தாள் இல்லாமல் நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது என்று எழுதினார். எல் பாஸோவிலிருந்து ஐ-10-ல் கிழக்கே வரும் எல்லா வண்டிகளும் அதைக் கடக்க வேண்டும். ஹெச்-1பி, ஹெச்-4 விசாவில் இருப்பவர்கள் அசல் பாஸ்போர்ட்டையும், ஐ-94 என்ற நாட்டுக்குள் நுழைந்த பதிவை அச்சிட்ட தாளையும் கையில் வைத்திருங்கள். பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் அவர்களுடையதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ரயில் ஊர்தானே, ரயிலிலேயே போகலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் – நியூ ஆர்லியன்ஸ் இடையே ஓடும் ஆம்ட்ராக்கின் சன்செட் லிமிடெட் வாரத்தில் மூன்று நாள் மார்ஃபா வழியாகப் போகிறது, ஆனால் அங்கே நிற்பதில்லை. 26 மைல் தள்ளி ஆல்பைனில் இறங்க வேண்டும். அங்கிருந்து காருக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.