சான்றிதழ் ஃபைல் கனமாக இருந்தால் சீட் கிடைத்துவிடுமா?

பாளையங்கோட்டைப் பக்கம் சனி, ஞாயிறு காலையில் பார்த்தால், ஒரே பிள்ளை சிலம்பம், கராத்தே, அபாகஸ், கீபோர்டு என்று ஓடிக்கொண்டிருக்கும். கேட்டால், "பின்னால காலேஜ் அட்மிஷனுக்கு உதவும்லா" என்பார்கள். எந்தக் காலேஜுக்கு என்று விசாரிக்காமலே பீஸ் கட்டிவிடுகிறோம். முதல் தவறு அங்கேதான்.

எம்.பி.பி.எஸ். என்றால் நீட், மொத்தம் 720 மதிப்பெண். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு என்றால் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200-க்குக் கட்-ஆஃப். ஐ.ஐ.டி. என்றால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ரேங்க். பொதுப் போட்டியில் இவை எதிலும் கீபோர்டுக்கு அரை மார்க் கூடக் கிடையாது. பிள்ளைக்கு ஆசை என்றால் தாராளமாக வாசிக்கட்டும். சீட்டுக்காக என்று மட்டும் வேண்டாம்.

"அப்போ ஸ்போர்ட்ஸ் கோட்டா?" இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. ஆனால் கையில் இருக்கும் எல்லாச் சான்றிதழும் அங்கே செல்லும் என்று நினைப்பது அடுத்த தவறு. இப்போது ஊருக்கு ஊர் 'உலக சாதனை' நடக்கிறது. மைதானத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் கம்பு சுற்றுவார்கள். கட்டணம் கட்டினால் டி-சர்ட், கழுத்தில் ஒரு மெடல், தங்க எழுத்தில் சான்றிதழ். மறுநாள் தெருமுனையில் ஃபிளெக்ஸ். பிள்ளைக்குச் சந்தோஷம், சரி. கோட்டாவில் பார்ப்பது வேறு: விளையாட்டு பட்டியலில் உள்ளதா, போட்டியை நடத்தியது அங்கீகாரம் பெற்ற அமைப்பா, மாநில அளவா, தேசிய அளவா. போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்பே பி.இ.டி. சாரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

சென்னை ஐ.ஐ.டி. 2024-25 முதல் விளையாட்டுக்கென்று ஒவ்வொரு படிப்பிலும் இரண்டு கூடுதல் இடங்கள் வைத்திருக்கிறது. அதில் ஒன்று பெண்களுக்கு. "மெடல் இருந்தால் ஐ.ஐ.டி." என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது இதைத்தான். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசைப் பட்டியலில் பெயர் இருந்து, கூடவே கடந்த நான்கு ஆண்டுகளுக்குள் தேசிய அல்லது சர்வதேசப் பதக்கமும் இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். இதற்கு நேர்மாறாக, கையில் இருப்பதை மறந்துவிடுகிறவர்களும் உண்டு. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு முதலில் நடக்கும்; அதில் விளையாட்டோடு என்.சி.சி.யும் வரும். சான்றிதழை டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டுப் பொதுக் கலந்தாய்வில் போய் நிற்கிறார்கள்.

நிலவரம் உண்மையாகவே மாறுவது அமெரிக்கக் கல்லூரிகளிலும், அசோகா மாதிரி கட்டுரையும் நேர்காணலும் கேட்கும் நம் நாட்டுத் தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவற்றிலும்தான். மாணவர் சேர்க்கை முறையை எதிர்த்து ஹார்வர்டு மீது போட்ட வழக்கு 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. படிப்புக்கு ஒன்று, பிற செயல்பாடுகளுக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று, குணநலனுக்கு ஒன்று என்று அங்கே தனித்தனியாக மதிப்பிடுவது அந்த வழக்கில் விலாவாரியாக வெளிவந்தது. அதற்காக மார்க் குறைவை மெடல் ஈடுகட்டும் என்று எண்ண வேண்டாம்; படிப்பில் தேறியவர்களுக்குள்தான் மீதிப் பேச்சு. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் வேறு ரகம். எடுக்கப்போகும் பாடத்தில் எவ்வளவு ஆழம் என்றுதான் பார்ப்பார்கள்.

அமெரிக்காவில் நிறையக் கல்லூரிகள் ஏற்கும் 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்குப் பத்துக் கட்டம், ஒவ்வொன்றிலும் விவரிக்க 150 எழுத்து. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் விண்ணப்பத்தில் நான்கே நான்குதான் கேட்கிறது. முப்பது சான்றிதழை எங்கே திணிப்பது? பத்தையும் நிரப்பியே தீர வேண்டும் என்பதும் இல்லை. ஆசிரமத்தில் ஒரு நாள் பிஸ்கட் கொடுத்து எடுத்த போட்டோவைவிட, கூந்தன்குளத்துப் பையன் ஒருவன் தன் ஊர்க் குளத்துக்கு எந்த மாதம் எந்தப் பறவை வந்தது என்று மூன்று வருடம் எழுதிவைத்த நோட்டு பேசும். ஜனவரியில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் அவன் சேர்ந்துகொண்டால் இன்னும் நல்லது.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது இன்னொரு தவறு. முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பிள்ளைகள் "நான் ஒண்ணும் பண்ணலியே சார்" என்று செயல்பாடுகளுக்கான கட்டத்தைக் காலியாக விடுவார்கள். ஒரு பிள்ளையை விசாரித்தால், அம்மா பீடி சுற்றுகிறார். கடையில் பீடிக் கட்டுகளைக் கொடுத்து இலையும் தூளும் வாங்கி வருவது, சரியில்லை என்று கழித்த பீடி எத்தனை என்று பாஸ்புக்கோடு சரிபார்ப்பது, சாயங்காலம் சோறு வடிப்பது, தம்பியைப் படிக்க வைப்பது எல்லாம் அந்த மகள்தான். 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் 'குடும்பப் பொறுப்புகள்' என்றே ஒரு வகை இருக்கிறது. சம்பளத்துக்குப் பார்த்த வேலைக்கும் தனி வகை உண்டு. "பொறுப்பும் தலைமைப் பண்பும் மிக்கவள்" என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. "வாரக் கூலிக் கணக்கு என் கையில், தவறான பிடித்தங்களைக் கண்டுபிடித்துக் கேட்டு வாங்கினேன், தம்பிக்குத் தினமும் கணக்குப் பாடம்" என்றால் ஆளே கண்முன் நிற்பாள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்றும் கேட்பார்கள். உள்ளதைப் போடுங்கள். ஏஜென்சிக்காரர் எழுதிக்கொடுக்கும் இல்லாத தொண்டு நிறுவனமும் இல்லாத தலைவர் பதவியும் நேர்காணலில் இரண்டாவது கேள்விக்கே உதிர்ந்துவிடும்.

ஆசிரியர் தரும் பரிந்துரைக் கடிதத்தையும் கடைசி நிமிடத்துக்கு விடாதீர்கள். பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு முன்கூட்டிய விண்ணப்பம் நவம்பர் 1, வழக்கமானது ஜனவரி 1-ஐ ஒட்டி முடியும். நடுவில் அரையாண்டுத் தேர்வு வந்து நிற்கும். பிளஸ் டூ தொடங்கிய கையோடு, உங்களை நன்றாகத் தெரிந்த ஆசிரியரிடம் நீங்கள் செய்வதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.