திடீர் வெள்ளத்துக்குப் பின்: டர்பன் பகுதிக் கோயில் குழுக்களுக்கும் சங்கங்களுக்கும் ஒரு நிவாரண வழிகாட்டி

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாணக் கடற்கரையோரம் கொட்டிய மழை, சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டரைத் தாண்டியது. நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், ஆயிரக்கணக்கான வீடுகள் அழிந்தன. தமிழ்ப் புத்தாண்டுக்கு இரண்டே நாள் இருந்த நேரம் அது. இஸ்லாமியர்களுக்கு ரமலான் நோன்புக் காலம், கிறிஸ்தவர்களுக்குப் புனித வெள்ளி நெருங்கிய வாரம். அப்படிப்பட்ட நேரத்தில் உதவிக்கு ஓடி வருபவர்களுக்கு நம் ஊரில் ஒருபோதும் குறைவு இருந்ததில்லை. குறைவது வேறொன்று. எந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன கிடைத்தது, இன்னும் என்ன வேண்டும் என்பதை ஒரே இடத்தில் தெரிந்து வைத்திருப்பவர் இல்லாமல் போவதுதான் அது. அந்த அறிவு இல்லாத ஊரில் பெரிய சாலையை ஒட்டிய தெருவுக்கு மூன்று வண்டி உணவு வந்து சேரும். சரிவின் அடியில் இருக்கும் குடும்பத்துக்கு ஒரு வாய்த் தண்ணீரும் போய்ச் சேராது. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், இசிப்பிங்கோ, மெரிபேங்க் போன்ற பகுதிகளில் கோயில் குழுவாகவோ சங்கமாகவோ இயங்குகிறவர்கள் அந்த அறிவை எப்படித் திரட்டிப் பயன்படுத்தலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதல் நாள்: மீட்பு வேறு, நிவாரணம் வேறு

தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது நம் வேலை ஆற்றுக்குள் இறங்குவது அல்ல. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகி ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் குடியிருந்த நம் மக்களை வாரிக்கொண்டு போனபோது, மாரிமுத்து படவட்டான் தலைமையில் ஆறு பேர் படகில் போய் 176 உயிர்களைக் காப்பாற்றியதை நாம் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறோம். ஆனால் அவர்கள் வலையையும் படகையும் தொழிலாகக் கொண்டவர்கள். நீரின் போக்கு அவர்களுக்குக் கைவந்த ஒன்று. அந்தப் பழக்கமில்லாத இளைஞர்களை ஆர்வத்தின் பேரில் கயிற்றோடு அனுப்பினால் மீட்கப்பட வேண்டியவர்களின் எண்ணிக்கைதான் கூடும். கைபேசியிலிருந்து அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 10177, காவல்துறைக்கு 10111 என்ற எண்களைக் குழுவினர் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

அன்றே செய்ய வேண்டியது, கோயில் மண்டபத்தையோ சமூகக் கூடத்தையோ ஒருங்கிணைப்பு இடமாக அறிவித்து, அங்கே பொறுப்பாக ஒருவரையும் ஒரே ஒரு தொலைபேசி எண்ணையும் வைப்பது. அந்த எண்ணை வார்டு கவுன்சிலரிடமும், டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி மாநகராட்சியின் பேரிடர் மேலாண்மைப் பிரிவிடமும், பக்கத்துப் பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றிடமும் கொடுத்துவிட வேண்டும். 2002-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உள்ளூரில் நிவாரணத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பு மாநகராட்சியுடையது. எந்தப் பள்ளியில் முகாம் திறக்கிறார்கள், எந்தச் சாலை அறுந்திருக்கிறது, தண்ணீர் லாரி எப்போது வரும் என்பதெல்லாம் அவர்கள் வழியாகத்தான் நமக்குத் தெரியவரும். அரசு மெதுவாகத்தான் நகரும் என்று சொல்லித் தனியாகவே இயங்கும் குழுக்கள் உண்டு. அவர்களின் வேகத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் இரண்டாவது வாரத்தில் வீட்டுச் சேதக் கணக்கெடுப்பு தொடங்கும்போது, அந்தக் குழுக்கள் உதவிய குடும்பங்கள் அரசுப் பட்டியலில் இல்லாமல் போய்விடும் ஆபத்து இருக்கிறது.

வீட்டுப் பதிவேடு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். மற்ற எல்லா வேலையும் இந்தப் பதிவேட்டின் மேல்தான் நிற்கிறது.

குடும்பத்துக்கு ஓர் அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவர் பெயர், தெருவும் கதவு எண்ணும், தொடர்பு எண், பெரியவர் எத்தனை, குழந்தைகள் எத்தனை, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை உண்டா, கர்ப்பிணி உண்டா, படுக்கையில் இருப்பவர் உண்டா, நாள்தோறும் மருந்து எடுப்பவர் உண்டா, சமைக்க அடுப்பு இருக்கிறதா, இரவு எங்கே தங்குகிறார்கள் ஆகியவை முன்பக்கத்தில் இருக்கட்டும். பின்பக்கத்தில் தேதி, கொடுத்த பொருள், கொடுத்தவர் கையெழுத்து. கணினியில் ஏற்றுவது பிற்பாடு நடக்கலாம். மின்சாரம் அறுந்த வாரத்தில் பேனாவும் அட்டையும்தான் கைகொடுக்கும். அட்டைகளை நெகிழி உறையில் வைக்கவும் மறக்க வேண்டாம்.

அட்டைகளை மண்டபத்தில் உட்கார்ந்து நிரப்பக் கூடாது. வரிசைக்கு வர முடிந்தவர்களின் பெயர்கள் மட்டுமே அப்போது பதிவாகும். இருவர் இருவராக நடந்து போக வேண்டும், அந்த இருவரில் ஒருவர் சூலு மொழி நன்றாகப் பேசுபவராக இருக்க வேண்டும். சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டின் முன்வாசலில் தட்டினால், வீட்டுக்காரர் தம் குடும்பத்தில் ஐந்து பேர் என்று சொல்லுவார். அதைக் குறித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பக்கவாட்டுப் படியில் இறங்கிப் பின்புறம் போனால், சரிவை வெட்டிக் கட்டிய சிறு கட்டடத்தில் வாடகைக்கு ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் இருப்பார்கள். மதில் சரிந்து சேறு புகுந்தது பெரும்பாலும் அந்த அறைக்குள்தான். கதவில் சேற்றின் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே யாருக்கு முதலில் போர்வை வேண்டும் என்பது புரிந்துவிடும். அதற்கும் கீழே, ஓடைக்கரையில், தகரமும் பலகையுமாக நிற்கும் குடிசைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் நம் இனத்தவர் அல்லர், சிலரிடம் தென்னாப்பிரிக்க அடையாள அட்டையும் இருக்காது. பசிக்கு அடையாள அட்டை கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டாம். அவர்களுக்கும் அதே அட்டை, அதே வரிசை.

இப்படித் திரட்டும் விவரங்கள் மற்றவர்களின் அந்தரங்கம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டு இப்போது நடைமுறையில் இருக்கிறது. பெயர்ப் பட்டியலை வாட்ஸாப் குழுக்களில் படமெடுத்துப் போடுவதும், அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும் கூடாது. பொருள் வாங்குபவரின் முகத்தைப் படமெடுப்பதும் அப்படியே. நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட அடுக்கி வைத்த மூட்டைகளின் படமும் இரசீதும் போதும். சேறு படிந்த உடையோடு கைநீட்டி நிற்கும் ஒரு பெண்மணியின் படம் எந்தக் கணக்குக்கும் தேவையில்லை.

சமைத்த உணவும் பெட்டியும்

அன்னதானம் செய்து பழகிய நம் கோயில்களில் பெரிய அண்டாக்களும், எரிவாயு அடுப்புகளும், ஐந்நூறு பேருக்குக் கை நடுங்காமல் சமைக்கும் அம்மாக்களும் இருக்கிறார்கள். முதல் மூன்று நான்கு நாள்களுக்கு இதைவிடப் பெரிய சொத்து வேறில்லை. காய்கறி பிரியாணியும் பருப்பும் சமைத்தால் இந்து, இஸ்லாமியர், கிறிஸ்தவர் எல்லோரும் தயக்கமின்றிச் சாப்பிடலாம். நோன்புக் காலமாக இருந்தால் இஸ்லாமியக் குடும்பங்களுக்கான பங்கைச் சூரியன் மறைவதற்குச் சற்று முன் சேரும்படி தனியாக அனுப்புவது மரியாதை. சமைத்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்கும்படி வண்டிகளைத் திட்டமிடுங்கள். நான்கு மணி நேரம் வெளியே கிடந்த சோற்றை மனம் கேட்காவிட்டாலும் கொட்டித்தான் ஆக வேண்டும். வயிற்றுப்போக்கு ஏற்கெனவே காத்திருக்கும் இடத்தில் கெட்ட சோறு பெரும் தீங்கு.

அதற்குப் பிறகு, அடுப்பு இருக்கும் குடும்பங்களுக்கு உலர் பொருள் பெட்டிக்கு மாறிவிட வேண்டும். மனிதநேய உதவிக்கான ஸ்ஃபியர் நெறிமுறை ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 2100 கிலோகலோரி என்று கணக்கு வைக்கிறது. ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு 10 கிலோ சோளமாவு, 10 கிலோ அரிசி, 2 கிலோ சுகர் பீன்ஸ், 2 கிலோ பருப்பு, 2 லிட்டர் எண்ணெய், இரண்டரைக் கிலோ சர்க்கரை கொடுத்தால் ஏறக்குறைய பத்து நாள் தாங்கும். உப்பு, தேயிலை, மஞ்சள், மிளகாய்த்தூள், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, சோப்பு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூளும் மஞ்சளும் ஆடம்பரம் என்று சிலர் நினைக்கிறார்கள். பத்து நாள் வெறும் உப்புக் கஞ்சியைக் குடிக்கும் வீட்டில் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். அட்டையில் அடுப்பு இல்லை என்று பதிவான வீடுகளுக்குப் பெட்டி பயன்படாது, அங்கே சமைத்த உணவு தொடர வேண்டும்.

புட்டிப்பால் மாவை எல்லோருக்கும் பொதுவாக விநியோகிக்கக் கூடாது. தாய்ப்பால் கொடுக்கும் பெண் பதற்றத்தில் மாவுக்கு மாறி, அதை அசுத்தமான நீரில் கரைத்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே மாவுப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு மட்டும், மருத்துவ நிலையத் தாதியின் ஆலோசனையோடு கொடுக்கலாம்.

தண்ணீர்

2022-இல் டொங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்ததால் அங்குள்ள மக்கள் மாதக்கணக்கில் குழாய் நீர் இல்லாமல் இருந்தனர். வெள்ளம் வடிந்துவிட்டது, இனித் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று எண்ணுவதற்கு அந்த ஊரே மறுப்பு. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாமாகச் சேர்த்து ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்பது ஸ்ஃபியர் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. ஐந்து பேர் வீட்டுக்கு அது 75 லிட்டர், அதாவது 25 லிட்டர் கேன் மூன்று. நிரம்பிய கேன் ஒன்று 25 கிலோ எடை. தண்ணீர் லாரி நிற்கும் முனையிலிருந்து மூன்று கேன்களை எழுபது வயதுப் பாட்டி எப்படி மேட்டில் ஏற்றுவார்? எனவே லாரி வரும் நேரத்தில் ஒற்றைச் சக்கர வண்டிகளோடு இளைஞர்களை முனையில் நிறுத்துவதும், முடியாதவர்களின் வீட்டு எண்களை அட்டையிலிருந்து எடுத்து அவர்கள் கையில் கொடுப்பதும் ஒருங்கிணைப்பாளரின் அன்றாட வேலை. கோயில் வளாகத்தில் ஜோஜோ எனப்படும் பெரிய நெகிழி நீர்த்தொட்டி வைக்க இடமிருந்தால் மாநகராட்சியிடமோ கொடையாளரிடமோ முன்னதாகவே கேட்டு வாங்கி வையுங்கள்.

சந்தேகமான நீரைக் கொதிக்க வைப்பது நல்லது. எரிபொருள் இல்லாவிட்டால், 25 லிட்டர் நீருக்கு மணமற்ற சாதாரண வீட்டு பிளீச் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், ஊற்றிக் கலக்கி, குறைந்தது இரண்டு மணி நேரம் மூடி வைத்த பிறகு குடிக்கலாம். கலங்கலாக இருந்தால் முதலில் சுத்தமான துணியில் வடிகட்ட வேண்டும். இதை ஆங்கிலத்திலும் சூலுவிலும் தமிழிலும் எழுதி ஒவ்வொரு கேனிலும் ஒட்டுங்கள்.

மருந்தும் சேறும்

நம் மக்களிடையே நீரிழிவும் இரத்த அழுத்தமும் அதிகம். வெள்ளம் கொண்டுபோனவற்றில் மாத்திரையும் இன்சுலினும் இருக்கும், ஆனால் கேட்டால் ஒழியப் பெரியவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். முதல் இரண்டு நாளுக்குள் அந்தப் பெயர்களைத் தனியே எடுத்து, அவர்கள் வழக்கமாகப் போகும் மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

வீட்டைக் கழுவுபவர்களுக்கு இரப்பர் காலணியும் கையுறையும் கட்டாயம். கழிவுநீர் கலந்த சேற்றில் எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் காலில் இருக்கும் சிறு வெட்டு வழியாகவே நுழைந்துவிடும். காய்ச்சலும் தசைவலியும் கண்டால் வெள்ள நீரில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு வந்தவருக்கு, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் எட்டுத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தட்டையாக அளந்து கலந்து கொடுக்கலாம். இந்நாட்டு மருத்துவ நிலையங்கள் சொல்லும் அளவு அது. உப்பு கூடிவிடக் கூடாது.

பணமும் பழைய துணியும்

பழைய துணி மூட்டைகளை வேண்டாம் என்று தொடக்கத்திலேயே பணிவாக அறிவித்துவிடுங்கள். அவற்றைப் பிரித்து அடுக்கவே பத்துப் பேர் தேவைப்படும், மண்டபமும் நிறைந்துவிடும். போர்வை, மெத்தை, புதிய உள்ளாடை, சானிட்டரி நாப்கின், பள்ளிச் சீருடை என்று பெயர் சொல்லிக் கேட்டால் மக்கள் அதையே தருவார்கள். பணம் வங்கிக் கணக்கு வழியாக மட்டும் வரட்டும், எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும், வாரந்தோறும் வரவு செலவை எல்லோரும் காணும்படி வெளியிடுங்கள். பெரிய கொடையாளர்கள் கொடைக்கு வரிச்சலுகை பெறுவதற்காக வருமான வரிச் சட்டத்தின் 18அ பிரிவின்படியான இரசீது கேட்பார்கள். அதை வழங்க உங்கள் சங்கத்துக்கு அனுமதி இல்லையென்றால், அனுமதி உள்ள ஓர் அமைப்போடு சேர்ந்து செயல்படுவது நேர்மையான வழி. கடைகள் திறந்த பிறகு, பெட்டிக்குப் பதில் அங்காடிப் பற்றுச்சீட்டுக் கொடுப்பதையே நான் விரும்புகிறேன். தன் பிள்ளைக்கு எது வேண்டும் என்பது தாய்க்குத் தெரியும்.

இரண்டாவது வாரத்திலிருந்து

முதல் வாரம் கழிந்ததும் தன்னார்வலர்கள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள், செய்தியாளர்களும் போய்விடுவார்கள். 2022-இல் வீடிழந்த பலர் மாதக்கணக்கில் சமூகக் கூடங்களின் தரையில் படுத்திருந்தனர். அந்த மாதங்களுக்கென்று ஒரு சிறு குழுவை முதல் நாளே தனியாகப் பிரித்து, ஓய்வோடு வைத்திருங்கள்.

அந்தக் குழுவின் வேலை பெரும்பாலும் காகித வேலைதான். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் தொலைந்தவர்களை உள்துறை அலுவலகத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அரசு உதவித்தொகைகளை வழங்கும் சாசா முகமையின் அலுவலகத்தில் இடர்க்கால சமூக நிவாரணத்துக்கு விண்ணப்பிக்க உதவ வேண்டும். காப்பீடு வைத்திருப்பவர்களிடம், கழுவித் துடைப்பதற்கு முன் ஒவ்வோர் அறையையும் சுவரில் உள்ள நீர்க்கோடு தெரியும்படி படமெடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். இதை மட்டும் இரண்டாவது வாரம் வரை தள்ளிவைக்காமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள். படிவங்களைத் தமக்குத் தாமே நிரப்ப முடியாத முதியவர்களோடு ஒருவர் கூடவே உட்கார்ந்திருந்தால், ஒரே அலுவலகத்துக்கு மூன்று முறை அலைவது மிச்சமாகும்.

ஒவ்வோர் அட்டையையும் மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்து, வீடு திரும்பியவர்கள், உறவினர் வீட்டில் இருப்பவர்கள், இன்னும் கூடத்தில் இருப்பவர்கள் என்று பிரித்து வையுங்கள். கூடத்தில் இருப்பவர்களின் பட்டியலை, அவர்களின் சம்மதத்தோடு, கவுன்சிலரிடமும் மாநகராட்சியிடமும் எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கடைசிக் குடும்பமும் கூரைக்குக் கீழ் போன பிறகு, பெயர் இல்லாத எண்ணிக்கைக் கணக்கை மட்டும் சங்கக் கோப்பில் வைத்துக்கொண்டு, அட்டைகளையும் கைபேசிகளில் உள்ள பிரதிகளையும் அழித்துவிட வேண்டும்.