சதுர ஓட்டைக் காசு: எந்தப் பக்கம் மேல், எது போலி?

சிங்கப்பூரில் பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் சதுர ஓட்டை போட்ட சீனக் காசு ஒன்று வாங்கினேன். நான்கு எழுத்தையும் கடிகாரச் சுற்றாக எழுதித் தேடியதில் இரண்டு நாள் போனது. அப்படி ஓர் அரசரே சீனாவில் இல்லை! காசைத் தலைகீழாக வேறு பிடித்திருக்கிறேன்.

ஆகவே முதலில் காசை நேராகப் பிடியுங்கள். கோடுகள் மிக நெருக்கமாக உள்ள எழுத்தைத் தேடுங்கள்: தலையில் கூரை, அடியில் இரண்டு குட்டைக் கால். அதுதான் 'பாவ்', பொக்கிஷம். கூரை மேலே இருக்கும்படி பிடித்தால் அது இடப்பக்கம் வந்து நிற்கும். இனி 'தோங்' எங்கே? பாவோடு சேர்ந்து வரும் எழுத்து அது, 'புழக்கம்' என்று பொருள். இடது ஓரத்தில் இறங்கி அடியில் ஓடம்போல் நீளும் கோடு அதன் அடையாளம். வலப்பக்கம் இருந்தால் மேல், கீழ், வலம், இடம் என்று படியுங்கள். சீனாவின் கடைசி அரச மரபான சிங் மரபுக் காசுகள் இப்படித்தான். அடியில் இருந்தால் கடிகாரச் சுற்று. அதற்கு முந்தைய சொங் அரச மரபின் காலத்து யுவான்ஃபெங் (1078–1085) காசு போல. முதலில் படிக்கும் இரண்டு எழுத்தும் ஆட்சிக்காலப் பெயர். என்னுடையது சியான்லோங் (1736–1795). ஏராளமாகக் கிடைப்பதுதான், பரவாயில்லை.

சிங் காசின் முதுகில் பெரும்பாலும் மஞ்சு எழுத்து, அதாவது சிங் அரசர்களின் சொந்த மொழி எழுத்து, இருக்கும். வலப்புறம் இருப்பது வார்த்த அக்கசாலையின் பெயர்.

சரி, போலியா? இவை பெரும்பாலும் அச்சடித்தவை அல்ல, வார்த்தவை. வார்த்தபின் சதுரக் கம்பியில் கோத்து விளிம்பை அரத்தால் ராவுவார்கள். ஓட்டை சதுரம் என்பதால் காசு சுழலாது. அந்த ராவிய கீறலைத்தான் நான் முதலில் தேடுவேன். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். போன் கேமராவை நம்பாதீர்கள், அது படத்தைத் தானே மெருகேற்றிவிடும். எழுத்தின் ஓரம் கரைந்த சோப்புபோல் மழுங்கி, பரப்பில் குமிழ்ப் பள்ளங்கள் இருந்தால் சந்தேகப்படுங்கள். பச்சைக் களிம்பை அசிட்டோன் நனைத்த பஞ்சால் ஒற்றுங்கள். பச்சை பஞ்சுக்கு வந்தால் அது பெயின்ட். குத்துவிளக்கு மாதிரி புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள், காசின் மதிப்பே போய்விடும்.

எடையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே ஆட்சியின் அசல் காசுகளே கூடக்குறைய இருக்கும்.

பின்சேர்க்கை: "கூரை எழுத்து இரண்டு இருக்கிறதே, முதுகிலும் ஒன்றும் இல்லையே" என்று ஒருவர் படம் அனுப்பினார். இடப்பக்கம் இருப்பது பாவ். உச்சியில் இருப்பது 'கான்'. அவர் கையில் இருந்தது சீனக் காசே அல்ல, ஜப்பானின் கான்எய் காசு.