கிழக்குத் திமோர் சில்லறை: சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிழக்குத் திமோரில் கடைக்குப் போனால் கொடுக்கிற நோட்டு அமெரிக்க டாலர், மீதியாகக் கைக்கு வருகிற சில்லறை அந்த நாட்டுக் காசு. இந்தோனேசியாவின் பிடியிலிருந்து வெளிவந்து ஐ.நா. நிர்வாகத்தில் இருந்த 2000-ம் ஆண்டு ஜனவரியில் டாலரை ஏற்றார்கள். 2002 மே 20-ல் சுதந்திரம். அடுத்த ஆண்டு நவம்பரில் 1, 5, 10, 25, 50 சென்டாவோ நாணயங்கள் வந்தன. நூறு சென்டாவோ ஒரு டாலர். லிஸ்பனில் உள்ள போர்ச்சுகல் அரசு நாணயச் சாலையில் அடித்தவை. சொந்தமாக நோட்டு கிடையாது என்பதால் அந்த நாட்டின் பெயரைச் சுமக்கிற பணம் இந்தக் காசுகள் மட்டும்தான். அதனால்தான் இவற்றை டாலரின் உதிரி என்று ஆல்பத்தில் அமெரிக்கப் பக்கத்தில் செருகி வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். தனிப் பக்கம் கொடுங்கள்.

பெரிய குழப்பம் போர்ச்சுகீசிய காலத்துக் காசுகளால் வருகிறது. குடியேற்ற ஆட்சியில் அங்கே எஸ்குடோ என்ற பணம் புழங்கியது. அதற்கும் சில்லறை சென்டாவோதான். 1958-ல் 10 சென்டாவோவும் 1970-ல் 50 சென்டாவோவும் அந்த வரிசையில் வந்திருப்பதால், விற்பவர் "திமோர் 50 சென்டாவோ" என்று மட்டும் சொன்னால் எது என்று தெரியாது. முதலில் ஆண்டைப் பாருங்கள். புதிய வரிசை 2003-ல்தான் தொடங்குகிறது. பழையதில் போர்ச்சுகல் குடியரசின் பெயர் இருக்கும், புதியதில் நாட்டின் இன்றைய பெயரான திமோர்-லெஸ்தே என்று இருக்கும். நிறமும் சொல்லிவிடும்: 1970-ம் ஆண்டுக் காசு செம்பழுப்பு வெண்கலம், இப்போதைய 50 பொன் மஞ்சள், மேலே காபிச் செடி. 20 சென்டாவோ என்று யாராவது நீட்டினால் அது பழைய காலத்தது. இன்றைய வரிசையில் 20 இல்லை, 25 தான்.

ஐந்து காசை ஓர் அட்டையில் குத்தி "முழு செட்" என்று விற்கிறார்கள். 2003-ல் அது முழு செட்தான். அப்புறம் 100, 200 சென்டாவோ நாணயங்களும் வந்துவிட்டன. செட் என்று பணம் கொடுப்பதற்கு முன் எந்த ஆண்டு வரைக்கும் என்று கேளுங்கள்.

காந்தம் ஒட்டியதும் போலி என்று முடிவு கட்டுவதும் தவறு. 1, 5 சென்டாவோ இரண்டும் நிக்கல் பூசிய எஃகு, காந்தத்தில் ஒட்டத்தான் செய்யும். 10, 25, 50 நிக்கல் கலந்த பித்தளை. அமெரிக்கக் காசின் அளவோடு ஒப்பிட்டுச் சந்தேகப்படவும் வேண்டாம். ஈக்வடாரும் பனாமாவும் தங்கள் சில்லறையை அமெரிக்கக் காசின் அளவிலேயே அடித்தன. திமோர் அப்படிச் செய்யவில்லை. அமெரிக்க 10 சென்ட் 18 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு, சேவல் பொறித்த திமோர் 10 சென்டாவோ 20 மி.மீ.யைத் தாண்டும்.

இனி, நம் வீடுகளில் அதிகம் நடக்கிற கொடுமை: புளி. மஞ்சள் காசு மங்கிவிட்டது என்று குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். ஒரு நாள் பளபளக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், 25 சென்டாவோவில் இருக்கிற பாய்மரப் படகைச் சுற்றிச் சமதளம் முழுக்க ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் ஓடும். அமிலம் மேல்தோலை அரித்ததால் பித்தளை இளஞ்சிவப்பாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். அந்தக் காசை விவரம் தெரிந்தவர் பாதி விலைக்குக்கூட எடுக்க மாட்டார். எஃகுக் காசில் நிலைமை இன்னும் மோசம். நிக்கல் பூச்சு ஓர் இடத்தில் தேய்ந்தாலும் கடற்கரை ஊர்க் காற்றுக்கு உள்ளிருந்து துரு கிளம்பும். நத்தை ஓட்டுச் சுருள்போல் அழகான நாட்டிலஸ் என்ற கடல் உயிரி பொறித்த 1 சென்டாவோ விளிம்பில் பழுப்புப் பிடித்துக் கிடப்பதைப் பார்க்கவே மனசு கேட்காது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, மென்துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. மங்கல் தானாக வந்தது என்றால் அப்படியே விடுங்கள்.

உறையிலும் கவனம் வேண்டும். மெத்தென்று வளைகிற பிவிசி பிளாஸ்டிக் உறை நாளடைவில் பிசுபிசுத்துப் பித்தளையில் பச்சைப் படலம் விடும். பிவிசி இல்லாத உறை என்று கேட்டு வாங்குங்கள். காசை நடுவில் வைத்து மூடுகிற அட்டைச் சட்டத்தை மூடும்போது ஸ்டேப்ளர் பின்னின் கால் காசைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை விஷயத்தில், "இந்தப் பணம் செல்லாமல் போய்விட்டது, அரிது" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். இந்தக் காசுகள் தலைநகர் டிலியின் கடைகளில் இன்றும் செல்கின்றன. 1 சென்டாவோவின் முகமதிப்பு நம் கணக்கில் ஒரு ரூபாயைத் தொட்டாலே அதிகம். அதற்குமேல் கேட்கும் விலை காசின் நிலைக்கும், கொண்டுவந்து சேர்த்த செலவுக்கும்தான். ஆனால் அந்த நாட்டுக்கு வெளியே இதை யாரும் டாலராக ஏற்க மாட்டார்கள், நாணய மாற்றுக் கடையிலும் எடுக்க மாட்டார்கள். அங்கே வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்கள் என்றால், விமானம் ஏறுமுன் மிச்சச் சில்லறையை மாற்றிவிடாமல் கொஞ்சம் எடுத்துவரச் சொல்லுங்கள். 100, 200 இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.